பல் டாக்டர் பிடுங்கிய மரப்பட்டை

என் நாத்தனாருக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. வந்தவர்களிடம் "எந்தப் பல்லு?" என்று கேட்பதுதான் உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் படம். காகிதத்தில் போட்டால் என் வீடு பிழைத்திருக்கும். அவள் போடுவது காய்ந்த இலையில், நெற்றில், மரப்பட்டையில். கரியையும் செங்கல் தூளையும் பிசினில் குழைத்து எறும்பு, ஓணான், குருவி என்று வரைந்து தள்ளுவாள். எங்கள் சோபாவில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இதில் ஒரு சட்டம் வேறு. பறிக்கக் கூடாது, உலுக்கக் கூடாது, தானாக விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும். காற்று தள்ளினால் சரி. காக்கா தள்ளினாலும் சரி. ஒருமுறை என் கணவர் கிளையில் இடித்துக்கொண்டு, நெற்றியில் வீக்கமும் கையில் இலையுமாக வந்தார். "இது செல்லாதுண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீக்கத்தை அவள் கவனிக்கவே இல்லை.

இவ்வளவு வரைந்தும், வெளியாள் ஒருவர்கூட ஒரு படத்தையும் நின்று பார்த்ததில்லை. நாங்களும் வேறு வழியில்லாமல்தான் பார்த்தோம். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் டாக்டர், "நோயாளிங்க உக்கார்ற அறையில சுவரு சும்மாதானே இருக்கு, உன் படத்தை மாட்டி வையேன்" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை திறப்பு. எல்லாப் படத்தையும் மாட்டி, நடுவில் ஒரு ஆணியை மட்டும் காலியாக விட்டாள். அங்கே ஆந்தை வர வேண்டும். ஆந்தைக்கான பட்டை ஆஸ்பத்திரி வாசல் மரத்தில் பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. விழுகிற வழியாக இல்லை.

நாள் முழுக்க ஆடுகிற பல்லைப் பிடுங்குகிறவர் கண்ணெதிரே ஒரு பட்டை ஆடிக்கொண்டே இருந்தால் மனுஷன் என்னதான் செய்வார்? அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் குறடை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"விழுந்துடுச்சும்மா" என்று பட்டையை மேசையில் வைத்தார்.

அவள் ஓரத்தைத் தடவினாள். பச்சையாக, ஈரமாக இருந்தது.

"பிடுங்கினீங்களா?"

"வலிக்காம இருக்க ஊசி போட்டுத்தான் எடுத்தேன்."

"எடுத்த இடத்துலயே வச்சிடுங்க டாக்டர்."

முதலாளியிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? இவள் பேசினாள். அவரும் வைத்தார். பல்லுக்குத் தொப்பி ஒட்டுகிற சிமெண்டைக் குழைத்து, ஸ்டூலில் ஏறிப் பட்டையை மரத்தோடு ஒட்டினார். சேதி கேட்டு என்னோடு ஓடி வந்த என் கணவர் கீழே நின்று டார்ச் அடித்தார். பட்டப்பகலில் எதற்கு டார்ச் என்று கேட்டதற்கு இருவரும் என்னை முறைத்தார்கள். ஒட்டி முடித்ததும் டாக்டர் பழக்கதோஷத்தில் மரத்தைப் பார்த்து, "ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க" என்றார்.

டாக்டர் கைராசிக்காரர். சனிக்கிழமை பேய்க்காற்று அடித்தும் பட்டை அசையவில்லை. நாத்தனார் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுநாளும் அதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விழாததை எடுக்கக் கூடாது, சரி. எடுக்காம வரையக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலடி இருக்கு?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

திங்கட்கிழமை காலை மரத்தில் ஒரு ஆந்தை அரைக்கண் மூடி, யாரையும் நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது. நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அதைத் தாண்டி உள்ளே போனார்கள். சுவரில் இருந்த ஓணானையும் ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. "எந்தப் பல்லு, எந்தப் பல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனாரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. திறப்பு விழாவுக்கென்று நல்ல சேலை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் ஒரு லாரி டிரைவர் வந்தார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பேரைக் கொடுத்துவிட்டுக் காற்று வாங்க வாசலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாத்தனார் வெளியே போய்க் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க முறை வந்துடுச்சு."

"இரும்மா" என்றார், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கன்னத்தில் இருந்த கை எப்போதோ கீழே இறங்கியிருந்தது. "யாரும்மா இதை வரைஞ்சது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான்தான் ஜன்னல் வழியாகத் தெருவே கேட்கக் கத்தினேன்.

"அவதாங்க! எங்க வீட்டுப் பொண்ணு!"