ஐந்து வானொலிகள் சேர்ந்து பாடிய நண்பகல்

அதிகாரியின் காலில் விழுந்து அழுது என் கணவரின் வேலையை மீட்டேன் என்று பம்பாய் மாதுங்காவில் இன்னும் சொல்கிறார்கள். நான் அழவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் அக்டோபர். கப்பல்களிலிருந்து சிற்றலையில் வரும் செய்திகளைக் கேட்டு எழுதுவது அவர் வேலை. ஒருநாள் 11.55 முதல் 12.30 வரை எதுவுமே கேட்கவில்லை. தூங்கிவிட்டார் என்று வேலைநீக்கத்துக்கு எழுதப்போனார் அதிகாரி. சூரியனில் தீ வெடித்துக் கிளம்பினால், எட்டு நிமிடத்தில் அதன் கதிர்கள் நம் வானத்தின் மேலடுக்கைத் தாக்கும். பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை அமுங்கிப்போகும். என் கணவர் இதைச் சொன்னதற்கு, அதிகாரி "வேற எவன் ரேடியோவாவது நின்னுதா, ஓய்?" என்று சிரித்தாராம்.

அப்படி நின்ற ரேடியோவைத் தேடித்தான் கிளம்பினேன். காலை 10.15க்கு மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடை. ஒன்றரை மைல், நாற்பது நிமிடம். அங்கே ரேடியோ பழுதுபார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், வரிசைச் சண்டை வராதிருக்க, ஒவ்வொரு பெட்டியிலும் வந்த நேரத்தைச் சீட்டில் எழுதிக் கட்டுவார்.

"யம்மா, அன்னைக்கு சிற்றலை புடிக்கலன்னு அரை மணிக்குள்ள அஞ்சு பெட்டி வந்துட்டு. ஒண்ணுலயும் கோளாறு இல்ல. பன்னெண்டரைக்கு அஞ்சும் சேந்து பாடுது! பயந்துட்டேன்."

சீட்டுகளைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"நாந்தான் சரி பண்ணேன்னு சொல்லிட்டேனே. வெளிய தெரிஞ்சா ஒரு பய வருவானா?"

"சரி பண்ணது சூரியன்."

"அப்ப கூலிய அதுட்டயே குடுத்துருதேன்" என்று சிரித்தவர், ஐந்து சீட்டிலும் 'பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாராவியில் சொல்லக் கூடாது என்றார். இன்றும் அவர் பெயரை நான் எழுதவில்லை.

பக்கத்துச் சயானிலிருந்து அதிகாரியின் வீடு இருந்த செம்பூருக்கு பஸ், பதினைந்து பைசா. மடியிலிருந்த சீட்டுகளின் மேல் வெயில் பூனைபோலப் படுத்திருந்தது. ஒன்பது கோடி முப்பது லட்சம் மைலுக்கு அப்பால் எழுந்த தீ, வழியில் எதையும் தொடாமல், என் வீட்டு அடுப்பைத் தேடி வந்திருக்கிறதே என்று நினைத்தபடி இறங்குமிடத்தைத் தவறவிட்டேன். ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

அதிகாரி தன் வீட்டு வாசலிலேயே சீட்டுகளை இருமுறை படித்தார். "நாளைலேர்ந்து வரச் சொல்லுங்கோ."

"எழுதித் தாருங்கள்" என்றேன்.

"சொன்னா போறாதா, மாமி?"

போதவில்லை. அதிகாரி எழுதித் தரவில்லை; அந்தக் காகிதம் இல்லாததால்தான், என் கணவர் தூங்கினார், நான் அழுதேன் என்ற கதை அவர் காலத்துக்குப் பிறகும் வாழ்கிறது.

அந்த வழியில் போகிறவர்கள் குடை எடுத்துச் செல்லுங்கள். எதைப் பார்த்தாலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அக்டோபர் நண்பகலில் உங்கள் வீட்டு வானொலியும் வாயடைத்துப் பிறகு தானாகப் பாடியதாக யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.