இரண்டரை மணிக்கு எழ மறுத்த டேப்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதை நான் ஒளித்ததே இல்லை. கீரைக்காரர் கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தால்கூட, இன்றைக்கு என்ன இவ்வளவு பாசம் என்று கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினோரு வருஷமாக இன்ஸ்பெக்ஷன் வேலை. லேத் மெஷினில் கடைந்து வரும் பார்ட்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, சரியில்லாததைத் தள்ள வேண்டும். நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அந்த மேசையில் நாங்கள் இரண்டு பேர். காலை ஷிப்ட் அவள், மத்தியானம் இரண்டரைக்கு மேல் நான். அவள் கள்ளிக்குப்பத்துப் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். முதலில் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் முதலாளியை விடாமல் நச்சரித்துத்தான் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தாள். வந்த அன்று கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். "இனிமே பெட்டி ஒட்ற வேலைக்கு நான் போவ மாட்டேன்க்கா" என்று என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது.

தீபாவளிக்குப் பிறகு எங்களில் ஒருத்தியை இன்சார்ஜ் ஆக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவள்மேல் சந்தேகப்பட எனக்கு அது போதும்.

அளவுகளை எல்லாம் ஒரு டேபில், பெரிய செல்போன் மாதிரி இருக்குமே அதில், ஏற்றி, பார்ட்டைப் படம் எடுத்து அனுப்பினால்தான் சரக்கு வெளியே போகும். இரண்டு ஷிப்டுக்கும் ஒரே டேப். ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த முதல் நாள், அவள் வழக்கம்போலப் பக்கத்துப் பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிட்டு, டேபை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அழுத்தினேன். எழவில்லை. தட்டினேன், சார்ஜ் போட்டேன், இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, தானாகவே வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடி உறைந்துபோனது. அன்றைய ரிப்போர்ட்டில் பாதி போகவில்லை.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். ஒரே ஒரு வித்தியாசம், காலையில் அவள் கையில் அது ஒழுங்காக வேலை செய்தது. அவள் ரிப்போர்ட் எல்லாம் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டரை மணியானால் என் கையில் செத்துப்போகும்.

"உனக்கு மட்டும் எப்படி ஓடுது?" என்று கேட்டேன்.

"எனுக்கும் அப்பப்ப நிக்குதுக்கா. எப்டியோ தள்ளிகினு போறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதைக் குறித்துக்கொண்டேன்.

முகப்பேரில் எங்கள் பிளாட்டுக்கு எதிர் பிளாட்டில் ஐடி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் ரீஸ்டார்ட் பண்ணுங்கள், அப்டேட் பண்ணுங்கள், தேவையில்லாததை எல்லாம் அழித்துவிடுங்கள் என்றார். எல்லாம் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கேட்டே விட்டேன்: "தம்பி, யாராவது வேணும்னே இப்படி ஆக்க முடியுமா?"

"முடியும்தான், ஆனா எதுக்கு ஆன்ட்டி யாராவது..." என்று இழுத்தார். எனக்கு அந்த முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

அடுத்த நாள் ஒரு மணிக்கே கம்பெனிக்குப் போனேன். உள்ளே நுழையாமல் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அன்று வெட்கம் வரவில்லை. அவள் டேபைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி, அதன் ஓரத்தில் குத்திக்கொண்டிருந்தாள். நடுநடுவே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆஹா, மாட்டினாயா என்று எனக்குள் ஒரு சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான்.

நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். இரண்டரைக்கு அவள் கிளம்பும்போது கேட் அருகே நிறுத்தினோம். முதலாளி, வாட்ச்மேன், பேக்கிங் பெண்கள் நாலைந்து பேர், நான். அவர் தயங்கினார். நான்தான் அவள் கைப்பையை வாங்கித் திறந்தேன். டிபன் பாக்ஸ், சீப்பு, மடித்து வைத்த ஒரு நாப்கின், பஸ்ஸுக்குச் சில்லறை. எல்லாவற்றையும் வாட்ச்மேன் ஸ்டூலில் எடுத்து வைத்தேன். அடியில் நுனி வளைந்த ஊக்கு. அதைத் தூக்கிக் காட்டினேன்.

"அக்கா, அது பட்டன்ல வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"வாயைத் திறக்காதே. என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

அவள் ஸ்டூலில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாப்கினை முதலில் எடுத்தாள். டேப் சரியாகும் வரை பேக்கிங்கிலேயே இரு என்றார் முதலாளி. மறுநாளிலிருந்து அவள் பெட்டி ஒட்டினாள்.

இரண்டு ஷிப்டையும் நானே பார்த்தேன். டேப் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை, இன்னும் மோசமானது. இப்போது காலையிலும் எழவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். போகிற போக்கில் ஒரேயடியாகக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், படுபாவி என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை முகப்பேர் மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் கடைக்கு எடுத்துப் போனேன். என்ன தகிடுதத்தம் நடந்திருக்கிறது என்று கடைக்காரர் கையால் எழுதி வாங்குவதாகத் திட்டம். அவர் கவரைக் கழற்றினார், பக்கத்துப் பட்டனைப் பெயர்த்தார், ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டினார். மஞ்சளாகப் பொடி விழுந்தது. நடுவில் சிவப்பும் இருந்தது.

"இன்னாக்கா, டேபுக்கு வளைகாப்பு எதுனா பண்ணீங்களா?" என்று சிரித்தார். "சந்தனம். காஞ்சி போயி பட்டன் உள்ளாரவே மாட்டிகினு கீது. அமுக்குனா வெளிய வர்ல. டேபுக்கு இன்னா தெரியும், யாரோ அமுக்கிகினே கீறாங்கன்னு நினைச்சிகினு படுத்துடுது."

அந்தச் சந்தனம் நான் வைத்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் லேத்திலிருந்து மைக்ரோமீட்டர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது நான்தான். டேபின் கண்ணாடியில் பட்டால் கறையாகும் என்று ஓரத்தில், கெட்டியாக, கட்டைவிரலால் அழுத்தி அப்பியிருந்தேன். "அக்கா, அது பட்டன்க்கா, கவர் மேல வைங்க" என்று அவள் சொன்னாள். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே, நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

கடைக்காரர் பட்டனைத் துடைத்தபடியே சொன்னார்: "யாரோ ஊசியால நோண்டி நோண்டி எடுத்துகீறாங்க பாருங்க. கீறல் தெரியுது. அவங்க மட்டும் எடுக்கலன்னா எப்பவோ பூட்ட கேஸ் இது."

வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கு அது சிரிப்பாக இருந்தது. அன்றே அவளை மேசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

நான் பேக்கிங்குக்குப் போய் அவள் கையைப் பிடித்தேன். "ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் வந்தேன்க்கா. சொன்னா பூசை போட்டதாலதான் கெட்டுப் பூட்சின்னு மொதலாளி உங்களத் திட்டுவாரு. நானே சுத்தமா எடுத்துடலாம்னு பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

தீபாவளி முடிந்து இன்சார்ஜ் வேலை எனக்கே வந்தது. அவள் காலை ஷிப்டிலேயே இருக்கிறாள். டேப் நன்றாக ஓடுகிறது. அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் இரண்டரைக்கு, டேபை என்னிடம் கொடுத்த பிறகு, கைப்பையின் ஜிப்பை இழுத்து என் முன்னால் அகலமாக விரித்துப் பிடிக்கிறாள்.

"வேணாம்மா, மூடு" என்கிறேன் ஒவ்வொரு நாளும்.

"பாத்துடுங்கக்கா" என்கிறாள். நான் குனிந்து பார்க்கும் வரை நகர்வதில்லை.