செய்யாத்து ஹார்பரும் ஜெயம்மா பாலும்

ஜெயம்மா பால் கறந்து ஊற்ற ஆரம்பித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் செய்யாறு பொங்கி வந்து தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றுக்கு அவள்மேல் அப்படி என்ன வஞ்சமோ! முப்பது வருஷமாக ஊரார் நிலத்தில் நாற்று நட்டவள், கடலை பிடுங்கியவள். கூலிக்குப் பதிலாக யாரோ தள்ளிவிட்ட நோஞ்சான் கன்றுக்குட்டியை வாங்கி வந்து, வரப்புப் புல்லை அறுத்துப் போட்டு வளர்த்தாள். அது பசுவாகி ஈன்றதும், இருளர் தெருவிலிருந்து முதல் ஆளாகப் பால் சொசைட்டி வாசலில் தூக்குவாளியோடு போய் நின்றாள்.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதே, வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒரு வேலை செய்தார்கள். ஊர்க்காரர்கள் பால் எல்லாம் நாற்பது லிட்டர் கேனில் ஒன்றாக விழும். ஜெயம்மா பாலுக்கு மட்டும் ஓரமாகத் தனிக் கேன். அவ்வளவு பெரிய கேனின் அடியில் அவளுடைய மூன்று லிட்டர் கிடந்து குலுங்கும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்று பயம். ஆனால் அந்தக் கேனைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

பாலம் போனதும் பால் வேன் அக்கரையில் நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டு வந்தால் முப்பத்தைந்து கிலோமீட்டர், அதற்குள் பால் திரிந்துவிடும். முதல் நாள் பாலைத் தயிராக்கினார்கள். இரண்டாம் நாள் தயிரைத் தின்ன ஆளில்லை, சாக்கடையில் கொட்டினார்கள். வேன் டிரைவர் சாமுவேல் போன் போட்டு, நாளைக்கும் பால் வரவில்லை என்றால் இந்த ஸ்டாப்பையே எடுத்துவிடுவார்களாம் என்றார். சொசைட்டி செயலாளர் தாண்டவராயன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏரியில மீன் புடிக்கிற லாரி ட்யூப் எங்ககிட்ட கீது நைனா. தெப்பம் கட்டலாம்" என்றார் ஜெயம்மாவின் புருஷன் சுப்ரமணி.

ஆறு ட்யூப், மேலே மூங்கில், அதன்மேல் பழைய கதவு. மூன்றாம் நாள் காலையில் தெப்பம் தயார். தண்ணீரும் மார்பளவுக்கு இறங்கியிருந்தது. தாண்டவராயன் பழைய வண்டிப்பாதைக்கு நேராக, ஆற்றின் குறுக்கே கயிறு கட்டச் சொன்னார். அவர் தாத்தா காலத்திலிருந்து மாட்டுவண்டி இறங்கிய துறை அது.

"அங்க வாணாம் நைனா" என்றாள் ஜெயம்மா. "மணல் அள்ளி அங்க பெரிய பள்ளம் கீது. சித்திரையில நாங்க விரால் புடிச்சது அதுலதான். தண்ணி சுயிச்சிக்கினு கெடக்கும்."

"எங்க ஆத்த எனக்கே காட்றியா நீ?" என்றார் அவர்.

வெறும் தெப்பத்தை விட்டுப் பார்த்தார்கள். நடு ஆற்றுக்குப் போனதும் அது செக்கு மாடு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் பத்துப் பேருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஜெயம்மா மேற்கே நூறடி நடந்துபோய், ஆற்றின் அடி களிமண்ணாக இருக்கும் இடத்துக்கு நேரே கரையைக் காலால் தட்டிக் காட்டினாள். கோடையில் பள்ளம் பள்ளமாக மீன் தேடி நடந்தவளுக்குத்தானே ஆற்றின் அடிவயிறு தெரியும். அங்கே கயிறு கட்டியதும் தெப்பம் சொன்ன பேச்சைக் கேட்டது.

பால் கேன்களை ஏற்றினார்கள். தெப்பத்தை இழுத்துப்போகக் கயிற்றோடு தண்ணீரில் நின்ற சுப்ரமணி, எட்டுக் கேனுக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பால் எட்டுக் கேன். ஒன்பதாவது ஜெயம்மாவுடையது.

"உன் பாலு நாளைக்குப் போவட்டும் ஜெயம்மா" என்றார் தாண்டவராயன், ரொம்பச் சாதாரணமாக.

அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. வழி காட்டியவள் பால் கரையில், மற்றவர்கள் பால் தெப்பத்திலா? பதினோரு நாள் விழுங்கியது மொத்தமும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அப்பிடின்னா என் வூட்டுக்காரரும் நாளைக்கே தண்ணியில எறங்கட்டும் நைனா" என்றாள்.

சுப்ரமணி கயிற்றை விட்டுவிட்டுக் கரையேறி வந்து அவள் பக்கத்தில் நின்றார். அக்கரையில் சாமுவேல் ஹாரனை அடித்தபடி இருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நான்கு எருமை, மூன்று பசு வைத்திருக்கும் தாயாரம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அட இன்னாய்யா இது பேஜாரா கீது! கடைசிக் கேன்ல முக்கால்தான் ரொம்பிகீது, அதுல கெடக்கிறது எங்க வூட்டுப் பாலு. ஊத்துடி அதுலயே!"

தாண்டவராயன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெயம்மா ஊற்றினாள். கொஞ்சம் மணலில் சிந்தியது. மூடியை அழுத்திச் சாத்தியது தாயாரம்மாள்.

தெப்பம் ஒரு தடவைகூடச் சுற்றாமல் அக்கரை சேர்ந்தது. சாமுவேல் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இந்தக் கரையில் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

அப்புறம் அந்தத் துறையைப் பார்க்க வேண்டுமே! பால் போகிற இடத்தில் கத்தரிக்காய் மூட்டை போகாதா? காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு, சாமந்திக் கூடை. திரும்பும்போது மாட்டுத் தீவனம், கேஸ் சிலிண்டர், மளிகைச் சாமான். அம்முலு என்கிற பெண் கரையில் டீக்கடையே போட்டுவிட்டாள். போக்கிரிப் பசங்கள் அட்டையில் 'ஹார்பர்' என்று எழுதி வேப்பமரத்தில் மாட்டினார்கள். எதை எப்போது ஏற்றுவது, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, எல்லாவற்றுக்கும் ஜெயம்மாவைத்தான் கேட்டார்கள். இடம் பற்றாததால் அவள் பாலும் தினம் ஊர்க் கேனிலேயே போனது.

இருபத்திரண்டாம் நாள் பைப் புதைத்து, மண் கொட்டி, தற்காலிகப் பாதை போட்டார்கள். வேன் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். ஜெயம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தெப்பம் இருந்தவரை அவள் வேண்டும், இனி எதற்கு வேண்டும்? இனிமேல் தனிக் கேன் வைக்க இடத்துக்கா பஞ்சம்?

மறுநாள் காலையில் சொசைட்டி வரிசையில் போய் நின்றாள். அவள் முறை வந்தது. தாண்டவராயன் பாலில் லாக்டோமீட்டரைப் போட்டுக் குனிந்து பார்த்தார். அவள் கண் தனிக் கேன் இருந்த ஓரத்துக்கும் அவர் முகத்துக்கும் அலைந்தது.

"இன்னா பராக்குப் பாத்துக்கினு நிக்கிற? பின்னாடி ஆளுங்க கீறாங்க பாரு. ஊத்து" என்று பெரிய கேனைக் காட்டினார் அவர்.

அவள் ஊற்றினாள். அவளைத் தள்ளிக்கொண்டு வந்த தாயாரம்மாள் அதன்மேலேயே தன் பாலையும் கடகடவென்று கவிழ்த்தாள்.

ஜெயம்மா வெளியே வந்து, காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சொசைட்டிச் சுவரோரம் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அப்பாடா என்று இருந்தது.