பீச்சாங்கைப் பிடி

மரக்கிளை வெட்டும் குழுவில் அவனுக்குப் பெயரே பீச்சாங்கைதான். வைத்தவர் அவன் மச்சான். வேறு யாருக்கு வரும் அந்த நாக்கு? பள்ளியில் அடி வாங்கியும் மாறாத கை அது. ஆனால் மரமேறும்போது கயிற்றைக் கவ்விக்கொள்ளும் இரும்புப் பிடிகளெல்லாம் வலக்கைக்காரருக்கே செய்தவை. பிடியைக் கயிற்றில் பூட்டும் சிறு தாழை நீக்க இடது கட்டைவிரல் எட்டாமல், மச்சான் உச்சிக்குப் போன பிறகும் அவன் பாதி மரத்தில் தொங்குவான்.

புதுப்பிடி வாங்கப் போன கடையில், மூலையில் ஒன்று தூசி படிந்து கிடந்தது.

"அது விலை போகலீங்க, இடது கைக்குச் செஞ்சது," என்றார் கடைக்காரர்.

அவன் எடுத்துப் பிடித்தான். கட்டைவிரல் தானாகத் தாழின்மேல் போய் உட்கார்ந்தது.

மறுநாள் மரத்தை ஒரு கை பார்த்துவிட்டான். உச்சிக்கிளையில் அமர்ந்து, பாதியில் மூச்சு வாங்கிய மச்சானிடம் குனிந்து கேட்டான்:

"கை குடுக்கட்டுமா மச்சான்? பீச்சாங்கைதான், பரவாயில்லையா?"