இரண்டு வாளி ஆகாயத் தாமரை

மூன்று ஆண்டுகளுக்கு முன், முடிச்சூரில் ஒரு நர்சரியில் வாங்கிய ஆகாயத் தாமரைச் செடி ஒன்றை மாடியில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டேன். தினமும் இலைகளை எண்ணி நாட்குறிப்பில் எழுதினேன். இரண்டே மாதத்தில் தொட்டி நிறைந்துவிட்டது. பூத்து நிற்கும் செடியைக் குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. பூஜைப் பூவைக்கூட நீரில்தான் விடுகிற வீடு எங்களுடையது. இரண்டு வாளிகளில் சுமந்துபோய், செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக் குளத்தில் விட்டேன். தென் அமெரிக்கச் செடிதானே, கத்திரி வெயிலில் கருகிவிடும் என்று அன்று எழுதியும் வைத்தேன்.

கருகவில்லை. குளம் வற்றியபோது செடி உயரம் குறைந்து சேற்றில் வேர்விட்டது. மழை வந்ததும், என் தொட்டியில் உருண்டையாக இருந்த காம்புகள் இங்கே இடுப்புயரம் நீண்டன. இப்போது தண்ணீரே தெரிவதில்லை.

ஞாயிறுதோறும் இறங்கிப் பிடுங்குகிறேன். அங்கே வலை வீசிப் பிழைக்கும் ஒருவர் மட்டும் துணைக்கு வருவார். முதல் நாளே சொன்னார்:

“எவனோ பேமானி கொண்டாந்து வுட்டுட்டான் சார். வலையப் போட்டா மீனு வரல, இதான் வருது.”

“வெயில்ல காய்ஞ்சிடும்னு நினைச்சிருப்பாங்க,” என்றேன்.

“இதுவா? நம்மளவிட நல்லா இந்த ஊருக்குப் பழகிகினு கீது. உங்கள மாதிரி நாலு பேர் வந்தா போதும் சார். தங்கமான மனசு.”

போன வாரம் வலையைச் சுருட்டிக்கொண்டே, குரோம்பேட்டையில் வாட்ச்மேன் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

“வேலை எத்தனை மணிக்கு?” என்றுதான் கேட்டேன்.