அப்பா சொல்லச் சொன்னவை

"அம்மாட்டைச் சொல்லு, எனக்குத் தேத்தண்ணி வேண்டாமெண்டு" என்று என் மகன் தன் ஆறு வயது மகளிடம் சொன்னான். தேத்தண்ணிக் கோப்பையுடன் மருமகள் அவன் முன்னால்தான் நின்றாள். என் சின்ன வயதில் அப்பா என்னிடம் பேசிய குரலே என் காதில் விழுந்தது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்ய, அப்பா எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்த காலம் அது. தண்ணீரூற்று என்ற ஊரில் தன் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, அம்மா அப்பாவிடம் கேளாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுப் பின்னேரமே திரும்பிவிட்டார். அதற்குத் தண்டனையாக, அந்தப் போகம் அறுத்து முடியும்வரை அப்பா அவருடன் ஒரு சொல்லும் பேசவில்லை. எல்லாம் என் வாயால்தான் போகும்.

"கொம்மாட்டைச் சொல்லு, இந்தக் கறியை நாயும் தின்னாதெண்டு."

நான் எழுந்து குசினிக்குப் போவேன். ஈர விறகின் புகைக்குள் அம்மா குந்தியிருப்பார்.

"கறி நல்லாயிருக்காம் அம்மா."

"ஓம் பிள்ளை" என்று சொல்லி, பொரித்த குளத்துமீனில் ஒரு துண்டை என் கையில் வைப்பார்.

விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு தென்னோலைக் கிடுகுத் தட்டிதான் இருந்தது. அப்பா சொன்னதெல்லாம் அம்மாவுக்கு நன்றாகவே கேட்டிருக்கும் என்பது, நான் கலியாணம் முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்காகத்தான் அவர் நம்பியதுபோல் இருந்திருக்கிறார்.

பேத்தி என்ன செய்வதென்று தெரியாமல் தாயைப் பார்த்தாள். நான் அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"தம்பி, அவள் உனக்கு முன்னாலைதானே நிக்கிறாள். பிள்ளையை விட்டிட்டு நீயே சொல்லு."

மகன் எழுந்து வெளியே போனான். அன்று என் அப்பாவிடம் இப்படிச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.