கிரேன்காரரின் நூறு கிலோ

கட்டடம் எழும்பும் அந்த இடத்தில் அவர் எல்லோருக்கும் கிரேன்காரர். நாற்பத்தாறு மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு; இருபத்து மூன்று வருடப் பிழைப்பு. கூண்டுக்குப் போகும் ஏணியில் நூறு கிலோவுக்கு மேற்பட்டவர் ஏறக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள். தாண்டினால் தரை வேலை.

நூற்றுப் பதினெட்டில் ஒருமுறை தரைக்கு இறக்கப்பட்டவர் அவர். வாரம் ஒரு பசியடக்கும் ஊசி, பதினான்கு மாதம், 91.4க்கு வந்தார், கூண்டும் திரும்பக் கிடைத்தது. பிறகு பித்தப்பையில் கல் என்று டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார்.

ஊசிக் காலத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்து இறங்கிய நாட்கள் உண்டு. இப்போது பத்தேகாலுக்கே வயிறு கூப்பாடு போட்டது. பாதிதான் வை என்று மனைவியிடம் சொன்னார். வைத்தாள். மாலையில் வந்து எரிந்து விழுந்தார்.

“குறைச்சு வைன்னு சொல்றதும் நீங்க, குறைஞ்சுபோச்சுன்னு மூஞ்சியத் தூக்குறதும் நீங்க. எந்த வாய்க்கு நான் பதில் சொல்றது?”

“ஊசி இருந்தப்ப இந்த வாயே இல்ல.”

“இருந்துச்சு. என்னைத் திட்ட மட்டும் திறந்துச்சு.”

தினம் காலை ஐந்து நாற்பதுக்கு இடுப்புத் துண்டோடு எடை மெஷினில் ஏறி, காலண்டரில் குறித்தார். ஒரு மணி நேரம் நடந்தார். டீயில் சர்க்கரையை நிறுத்தினார். முதல் மாத முடிவில் 93.0. மூன்றாம் மாதம் 96.3. ஐந்தாம் மாதம் 97.9. யாரோ தூக்கத்தில் ஊட்டிவிட்டுப் போவதுபோல் இருந்தது.

பரிசோதனை நாளன்று வீட்டு மெஷினில் 98.2. போதும், தப்பித்தோம் என்று நேராக நர்ஸம்மா அறைக்குப் போனார். பூட்ஸைக் கழற்றக் குனிந்தபோது நர்ஸம்மா தடுத்தார்.

“கழட்டாதீங்க. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போட்டுக்கிட்டே ஏறுங்க.”

“போன தடவை இப்படியெல்லாம் கேக்கலையே.”

“போன தடவையும் இப்படித்தான் ஏறுனீங்க. அப்ப நீங்க இருந்த எடைக்கு யார் கவனிச்சா? ஏணி உங்களை மட்டுமா சுமக்குது?”

102.8.

அவர் இறங்கவில்லை, எண் மனம் மாறுமா என்று பார்த்தபடி நின்றார். உடுப்பு, பூட்ஸ், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து நாலு கிலோ அறுநூறு. இருபத்து மூன்று வருடத்தில், கொக்கியும் சங்கிலியும் எவ்வளவு என்று கேட்டுச் சேர்க்காமல் அவர் ஒரு பாரத்தைத் தூக்கியதில்லை.

மூன்று மாதம் தரை வேலை என்று எழுதிக் கொடுத்தார் நர்ஸம்மா. மேலே அவருடைய கூண்டில் வேறொருவர் ஏறினார். கீழே கொக்கி மாட்டுபவர் வாக்கி டாக்கியைக் கிரேன்காரர் கையில் கொடுத்தார்.

“விடுங்கண்ணே. இங்க நிழலாவது இருக்கு. டீக்கடை பத்தடியில.”

“அதுதான்யா என் பிரச்சினையே.”

முதல் கம்பிக்கட்டு தயாரானது. மேலிருந்து குரல் வந்தது: “எவ்வளவுண்ணே?”

“ஆயிரத்து எண்ணூறு,” என்றார். கொஞ்சம் நிறுத்தி, கடுகடுப்பாகச் சேர்த்தார்: “சங்கிலி, கொக்கி எல்லாம் சேத்துத்தான்.”

கட்டு எழும்பியது. மணி பத்தேகால். தோள்பையில் பாதி நிரம்பிய டப்பாவின் மூடி இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டரை வரை அதைத் தொடுவதில்லை என்று அவர் டீக்கடைக்கு முதுகைக் காட்டி நின்றார். வடை வாசனை பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.